களஞ்சியம் பிறந்த கதை – 12: சித்தாமூர் மறுத்த உரை



1946-ல் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், நாடு விடுதலை அடைந்த 1947-லேயே தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. மறு ஆண்டு பெரியசாமித் தூரன் அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். அணு, அத்திமரம், அசோகர் என்று எல்லாவற்றையும் அகரவரிசையில் உட்கார வைப்பது திட்டம். ஆனால் ஒரு துறைக்கு எத்தனை பக்கம் தரலாம்? பத்துப் பக்கத்தில் அடங்காது என்று ஒரு துறை அடம் பிடித்தால் என்ன செய்வது? அதற்கென்று தனிக் களஞ்சியம் தொடங்கும் தகுதி அதற்கு உண்டு என்று யார் தீர்மானிப்பது?

இந்தக் கேள்விக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு விடை சொல்லப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து தெற்கே, திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில், சுமார் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்.

அந்த ஊர் மேல்சித்தாமூர்.

*

இன்று அங்கே போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பார்சுவநாதர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம். சற்றுத் தள்ளி மல்லிநாதர் கோயில். ஒரே பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகா யட்சி என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரில் சமண மடம் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்று பெயர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த பீடம் இங்கே பெயர்ந்து வந்ததன் அடையாளம் அந்தப் பெயர். பீடத்தில் அமர்கிறவர் யாரானாலும் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டம்தான். சுற்றுவட்டாரத் தமிழ்ச் சமணர்களான நயினார்கள் பெரும்பாலும் நிலத்தில் உழைக்கிற குடும்பங்கள். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பவர்கள். மடத்தில் ஓலைச்சுவடிகள் உண்டு.

இந்த ஊரைத் தேடி ஒரு சைவர் வந்தார் என்கிறது உ. வே. சாமிநாதையர் பதிவு செய்த ஒரு செவிவழிச் செய்தி.

வந்தவர் சாதாரண ஆள் இல்லை. நச்சினார்க்கினியர்.

மதுரைக்காரர். தொல்காப்பியத்துக்கும் பத்துப்பாட்டுக்கும் கலித்தொகைக்கும் உரை கண்டவர். அவர் காலத்தில் தமிழ்ப் புலமையில் அவரை மிஞ்ச ஆள் தேடுவது கடினம். அவர் சீவக சிந்தாமணியை எடுத்துக்கொண்டார். சமணரான திருத்தக்க தேவர் இயற்றிய, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியம். உரையை எழுதி முடித்தார். எழுதியதைத் தம் காலத்துச் சமணப் புலவர்களிடம் காட்டினார்.

அவர்கள் ஏற்கவில்லை.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. தமிழ் இலக்கணத்தில் அவரோடு மோத அந்தச் சமணர்களால் முடிந்திருக்குமா என்பது சந்தேகம். சொல்லுக்குச் சொல் பொருள் அவர் அறிவார். சொல் முடிபு அறிவார். மேற்கோள் வேண்டுமென்றால் சங்க நூல்களிலிருந்து அடுக்குவார். அவ்வளவும் இருந்தும் உரை சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. அனுப்பியவர்களுக்குப் பட்டமோ அரசு ஆணையோ கிடையாது. இது எங்கள் நூல், நீங்கள் சொல்வது எங்கள் பொருள் இல்லை என்று சொல்லும் துணிவு இருந்தது. அதற்குப் பின்னால் படிப்பும் இருந்தது.

அவர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். செய்தி வேறு மாதிரி சொல்கிறது. சித்தாமூர் மடத்துக்கு வந்தார்; ஒரு சமணரைப் போலவே தங்கினார்; சமண நூல்களைப் பாடம் கேட்டார்; பிறகு உரையை இரண்டாம் முறை எழுதினார். இந்த முறை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இதை அட்சரம் பிசகாத வரலாறாக நான் கொள்ளவில்லை. நச்சினார்க்கினியர் வாழ்ந்தது பதினான்காம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. அந்தக் காலத்தில் சித்தாமூரில் மடம் இன்றைய வடிவில் இருந்ததா என்பதே விவாதத்துக்குரியது. ஒரு பெரிய சைவ உரையாசிரியரைத் தங்கள் மாணவராகக் காட்டுவதில் சமணர்களுக்கு ஒரு பெருமிதம் இருந்திருக்கும், அதுவும் இயல்பு. ஆனால் ஒரு சமூகம் தன் அறிவைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இந்தக் கதையைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எங்கள் துறை பொதுப்புலமைக்குள் அடங்காது, அதற்குத் தனியாகப் பாடம் கேட்க வேண்டும் என்று நினைத்தது.

*

அடங்காது என்று சொல்ல அப்படி என்ன இருக்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு போதும். வினை என்று சைவரும் சொல்கிறார், சமணரும் சொல்கிறார். சமணத்தில் வினை ஒரு பருப்பொருள். உயிரின் மேல் வந்து ஒட்டுகிற நுண்துகள். அது எட்டு வகை. எந்த வகை அறிவை மறைக்கும், எந்த வகை ஆயுளை அளக்கும், எது எவ்வளவு காலம் ஒட்டியிருக்கும், எப்படி உதிரும் என்று அதற்கு ஒரு முழுக் கணக்கே உண்டு. உயிர் படிப்படியாக மேலேறும் குணத்தானங்கள் பதினான்கு. இவை தெரியாமல் சிந்தாமணியின் கடைசிப் பகுதியான முத்தி இலம்பகத்தில் நுழைகிறவர், சீவகன் துறவு பூண்டதைப் புரிந்துகொள்வார். ஏன் அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் துறக்கிறான் என்பது பிடிபடாது.

சமணர்கள் இப்படித் துறை துறையாகப் பிரித்து யோசிப்பதில் பழகியவர்கள். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் மூன்றையும் ஒரே நூலில் வைத்தது; செய்யுளியலும் உவமையியலும் பொருளதிகாரத்துக்குள்ளேயே கிடந்தன. பத்தாம் நூற்றாண்டளவில் அமிதசாகரர் யாப்பை மட்டும் பிரித்து யாப்பருங்கலம் செய்தார். அதுவும் மாணவருக்குப் பெரிது என்று யாப்பருங்கலக் காரிகை செய்தார். எழுத்துக்கும் சொல்லுக்கும் குணவீர பண்டிதரின் நேமிநாதம் வந்தது. அகப்பொருளுக்கு நாற்கவிராச நம்பி தனி நூல் தந்தார். எல்லோரும் சமணர். இதற்கு நேர் எதிராக, பௌத்தரான புத்தமித்திரர் பதினோராம் நூற்றாண்டில் ஐந்து இலக்கணத்தையும் வீரசோழியம் என்ற ஒரே நூலுக்குள் அடைத்துக் காட்டினார்.

சமணர் எல்லாரும் பிரித்தார்கள், பௌத்தர் சேர்த்தார் என்று இதைச் சூத்திரமாக்கிவிட வேண்டாம். பவணந்தியின் நன்னூலில் ஐந்து இலக்கணமும் பாடச் சொல்லித்தான் சீயகங்கன் கேட்டான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. நம் கையில் இருப்பது எழுத்தும் சொல்லும்தான். எண்ணம் ஒன்று, கிடைத்தது ஒன்று.

சித்தாமூரின் பக்கத்து வட்டாரத்தில் இன்னொரு சமணக் கிராமம் பெருமண்டூர். சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடர் அந்த ஊர்க்காரர் என்பது மரபு. திருநறுங்கொண்டைக் குணபத்திரரின் மாணவர். அச்சுப் புத்தகம் வந்த பிறகும் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது இவருடைய நிகண்டைத்தான். அதன் பன்னிரண்டு தொகுதிகளின் அடுக்கைப் பாருங்கள்: தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி. பிறகு ஒரு சொல்லுக்குப் பல பொருள் தருவது ஒரு தொகுதி. பல சொல் சேர்ந்து ஒரு பெயராவது கடைசித் தொகுதி. உலகத்தை எந்தெந்தப் பெட்டியில் போடுவது என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. மரத்துக்குத் தனித் தொகுதி உண்டு. நோய்க்குத் தனித் தொகுதி இல்லை. பெட்டி போடுகிறவனின் தீர்ப்பு அது.

இதே தீர்ப்புக்காகப் பிரான்சிலும் அல்லாடினார்கள். 1751-ல் தொடங்கிய தீதரோவின் களஞ்சியம் எல்லாத் துறையையும் ஒரே அகரவரிசையில் கலந்து போட்டது. 1782-ல் பாங்கூக் என்ற பதிப்பாளர் அதைப் பிரித்து, மருத்துவத்துக்கு ஒன்று, தாவரத்துக்கு ஒன்று, கடலோட்டத்துக்கு ஒன்று என்று துறைவாரிக் களஞ்சியங்களாக வெளியிடத் தொடங்கினார். இடையில் புரட்சி வந்தது, பாங்கூக் இறந்தார், வேலை மகள், மருமகன் கைக்குப் போனது. 1832-ல் ஒருவழியாக முடிந்தபோது இருநூறு தொகுதிகளைத் தாண்டியிருந்தது. பிரிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகும் ஆபத்தும் உண்டு.

*

இனிக் கதையின் இருண்ட பகுதி. நீட்டாமல் சொல்கிறேன்.

1478-ல் செஞ்சி ஆண்ட ஒரு நாயக்கன் சமணர்களைத் தலை வெட்டச் சொன்னான் என்று தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு மரபுக் கதை உண்டு. 1906-ல் வெளியான மாவட்ட விவரச் சுவடியில் ஃபிரான்சிஸ் இதை எழுதி வைத்தார். ஆண்டு சந்தேகத்துக்குரியது, செஞ்சி நாயக்கர் ஆட்சி அதற்குப் பின்னர்தான் நிலைபெற்றது. ஆனால் அந்தக் கதை விட்டுப்போன தடயம் மனிதர்களிடம் இருந்தது. உயிர் தப்பத் திருநீறு பூசிக்கொண்ட குடும்பங்களை நீறுபூசி வெள்ளாளர் என்றார்கள். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்துக்கு ஓடி அடைக்கலம் புகுந்தார். பின்னர் வீரசேனாசாரியர் என்பவரைச் சிரவணபெளகொளாவிலிருந்து அழைத்துவந்து, நீறு பூசியவர்களுக்கு மறுபடி சமண தீட்சை தரச் செய்தார் என்கிறது கதை. சித்தாமூரில் தாயனூர்க் குடும்பத்துக்கு முதல் மரியாதை கிடைத்ததற்கு இதையே காரணமாகச் சொன்னார்கள்.

உண்மை எவ்வளவோ, கதை எவ்வளவோ. விளைவு மட்டும் தெளிவு. நச்சினார்க்கினியரைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் படித்தவர்கள் இருந்த சமூகம், அடுத்த சில நூற்றாண்டுகளில் சில கிராமங்களுக்குள் சுருங்கியது. படிப்பு சில வீடுகளுக்குள் போயிற்று.

எவ்வளவு உள்ளே போயிற்று என்பதைக் கும்பகோணத்தில் ஓர் இளைஞர் கண்டுபிடித்தார்.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கல்லூரித் தமிழாசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருந்த சாமிநாதையர், ஊருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று இவர் அடுக்கினார். முதலியார் அசையவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை.

பிறகு ஏடு கைக்கு வந்தது. நச்சினார்க்கினியர் உரையும் சேர்ந்தே இருந்தது. படித்தால் விளங்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவருக்கு விளங்கவில்லை! சித்தாமூரில் கற்றுத் திருத்திய உரை என்று சொல்லப்பட்டதும்கூட, சமணம் தெரிந்தவனுக்குத்தான் வாய் திறந்தது. ஊரிலேயே இருந்த சமணர் வீடுகளுக்கு நடந்தார். சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் சந்தேகங்களைத் தீர்த்து வைத்தார்கள். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது.

ஆக, அதே நூல் இரண்டாம் முறையும் அதே வாசலில் போய் நின்றது. ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பெரும் புலவர்கள், இருவரும் சைவர்கள், இருவருக்கும் தமிழ் மட்டும் போதவில்லை.

*

என் கணக்கு இதுதான். ஒரு துறை தனிக் களஞ்சியத்துக்குத் தகுதியானதா என்பதை அதில் எத்தனை தலைப்பு தேறும் என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாது. தலைப்பு எதில்தான் தேறாது? வெற்றிலையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் இருநூறு தேறும். வெளியாள் ஒருவர் நன்றாக எழுதிக் கொடுத்தாலும், அதைப் படித்துவிட்டு ‘இது தவறு’ என்று காரணத்தோடு மறுக்கக்கூடியவர்கள் அந்தத் துறைக்கு இருக்கிறார்களா? இருந்தால் அது தனித்துறை. மறுக்க ஆளில்லாத துறைக்கு ஆயிரம் பக்கம் ஒதுக்கினாலும் அது தொகுப்பாகத்தான் நிற்கும்.

இந்த அளவுகோலுக்குள் ஒரு முள் இருக்கிறது. மறுக்கத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, துறையின் தகுதி குறைந்துவிடுமா? அவர்கள் குறைகிறார்கள் என்பதே அதை உடனே தொகுக்க வேண்டிய காரணம் ஆகாதா?

வடக்கே இந்தக் கேள்வி எழுமுன் ஒருவர் செயலில் இறங்கிவிட்டார். சுவேதாம்பரத் துறவி ராஜேந்திர சூரி, சமண ஆகமச் சொற்களுக்கென்றே அபிதான ராஜேந்திரம் என்ற பெருங்கோசத்தைத் தொகுத்தார். 1906-ல் அவர் மறைந்த பிறகு அது ஏழு தொகுதிகளாக அச்சேறியது. ஆனால் தமிழ்ச் சமணர்கள் திகம்பரர்கள். அந்த ஆகமங்களையே ஏற்காத மரபு. சமணம் தனித்துறை என்று ஒப்புக்கொண்டால், அதற்குள் திகம்பரம் தனியா, அதற்குள்ளும் நீலகேசியும் மேருமந்தர புராணமும் ஸ்ரீபுராணமும் எழுதிய தமிழ்ச் சமணம் தனியா என்று பெட்டிக்குள் பெட்டி திறந்துகொண்டே போகும்.

நம் காலத்திலும் இந்தச் சண்டை ஓயவில்லை. 2004-ல் உயிரினங்களுக்கென்று விக்கியினங்கள் தொடங்கப்பட்டபோது, விக்கிப்பீடியாவில் இருப்பதையே இன்னொரு வாசல் வைத்து எழுதுவானேன் என்று ஒரு தரப்பு கேட்டது. உயிரின வகைப்பாட்டாளருக்கு வேண்டியது வேறு, பொதுவாசகருக்கு வேண்டியது வேறு என்று மறுதரப்பு சொன்னது. திட்டம் தொடங்கிய பிறகும் விவாதம் தொடர்ந்தது.

*

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் சமணத்துக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் உள்ளே இருந்தவர், இன்னொருவர் வெளியே இருந்தவர்.

உள்ளே இருந்தவர் அ. சக்கரவர்த்தி நயினார். கல்லூரி முதல்வர், தத்துவப் பேராசிரியர். 1923-ல் மேருமந்தர புராணத்தையும் 1936-ல் நீலகேசியைப் பழைய உரையோடும் அச்சிட்டார். தமிழ்ச் சமண இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரலாறும் எழுதினார். அது 1941-ல் வெளியானது. மறுக்கத் தெரிந்த பரம்பரை அவரோடு அச்சுக்கு வந்தது என்று சொல்லலாம்.

வெளியே இருந்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி. பள்ளி ஆசிரியர். கழகமில்லை, குழுவில்லை, மானியமில்லை. ஒவ்வொரு சமயமும் தமிழுக்கு என்ன செய்தது என்பதற்குத் தனித்தனி நூல் வேண்டும் என்று தானே முடிவு செய்துகொண்டார். 1936-ல் கிறித்தவமும் தமிழும். 1940-ல் பௌத்தமும் தமிழும். சமணத்துக்கு மட்டும் பதினான்கு ஆண்டு தாமதம். கோயில், குகை, கல்வெட்டு, ஊர்ப்பெயர், இலக்கியம் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து ‘சமணமும் தமிழும்’ வெளிவந்தபோது ஆண்டு 1954.

அதே 1954-ல்தான் தூரனின் கலைக்களஞ்சியம் முதல் தொகுதியும் வெளிவந்தது.

ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான அறிஞர்கள் எழுதிய பொதுக்களஞ்சியம். அதில் சமணம் ஒரு தலைப்பு. அகரவரிசையில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மறுபக்கம் தனி ஆள் ஒருவரின் துறைநூல். சித்தாமூர் மடத்துச் சுவடிகள் இரண்டுக்கும் எட்டாமல் அந்த ஊரிலேயே கிடந்தன.

பின்னாளில் எம். ஆர். எம். அப்துற் றஹீம் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் கண்டார். சைவ சமயத்துக்கும் தனிக் களஞ்சியம் வந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் அறிவியலுக்கு ஒன்று, வாழ்வியலுக்கு ஒன்று என்று உலகத்தையே இரண்டாகப் பிளந்து எழுதத் தொடங்கியது. அவையெல்லாம் வரும் வாரங்களில்.

தூரனின் குழு பொதுக்களஞ்சியத்தின் ஒன்பது தொகுதிகளை 1963-க்குள் முடித்தது. பத்தாவதான இணைப்புத் தொகுதி 1968-ல் வந்தது. அடுத்துத் தனிக் களஞ்சியம் எதற்கு என்ற கேள்வி இப்போது நிஜமாகவே அவர்கள் மேசைக்கு வந்துவிட்டது. மருத்துவம் காத்திருந்தது. வேளாண்மை, இசை, சமயங்கள், சித்தர் நூல்கள் எல்லாம் வரிசையில் நின்றன. தூரனே கீர்த்தனை இயற்றுகிறவர். இசைக்கு அவர் கை தூக்கியிருந்தால் வியப்பில்லை.

அவர்கள் துறை எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை. 1968-லேயே அவர்கள் வெளியிடத் தொடங்கியது குழந்தைகள் கலைக்களஞ்சியம். பத்துத் தொகுதி, எட்டு ஆண்டு உழைப்பு. அறிவைப் பிரிக்காமல் வாசகரைப் பிரித்தார்கள்.

எழுதியதைப் படித்து ‘இது தவறு’ என்று மறுக்கவே முடியாத ஒரு வாசகருக்கு எழுதத் துணிந்தது ஏன்?

(அடுத்த வாரம் தொடரும்)